ஏணை ஸ்பிரிங்கும் அரை கே ஏ வர்க்கமும்

பிளஸ் ஒன் இயற்பியலில் அலைவுகள் பாடத்துக்கு வரும்போது, காட்பாடியில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். தனிச்சீரிசை இயக்கத்தின், அதாவது ஸ்பிரிங்கில் மாட்டிய பொருள் ஒரே சீராக ஆடுகிற ஆட்டத்தின், மொத்த ஆற்றல் அரை கே ஏ வர்க்கம் என்று ஒரு வரி இருக்கும். கொஞ்சம் தள்ளி, அதே மொத்த ஆற்றல் அரை எம் ஒமேகா வர்க்கம் ஏ வர்க்கம் என்று இன்னொரு வரி இருக்கும். கே என்பது ஸ்பிரிங்கின் விறைப்பு, ஏ என்பது வீச்சு, அதாவது நடுவிலிருந்து ஓரம் வரை உள்ள தூரம், எம் என்பது நிறை, ஒமேகா என்பது எவ்வளவு விரைவாக ஆடுகிறது என்று சொல்லும் எண். முதல் வரியில் நிறை என்ற பேச்சே இல்லை, இரண்டாவது வரியில் நிறைதான் முன்னால் நிற்கிறது. "மிஸ், அப்போ எடையக் கூட்டினா ஆற்றல் கூடுமா, கூடாதா?" என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு வகுப்பு அருமையாகப் போகும். யாரும் கேட்கவில்லை என்றால் நானே கேட்டுவிடுவேன். இதற்குப் பதில் தெரியாமல் பாடத்தைத் தாண்டிப் போகிறவர்கள் கையில் சூத்திரம் இருக்கும், விஷயம் இருக்காது.

என் கட்சி இதுதான். ஒரு ஸ்பிரிங்கில் ஒரு பொருளை மாட்டிவிட்ட அந்த நிமிஷமே அதன் அலைவு நேரம், அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம், முடிவாகிவிட்டது, நீங்கள் தொடவே வேண்டாம். ஆனால் வீச்சு எவ்வளவு என்று அந்த ஸ்பிரிங்கைப் பார்த்தும் சொல்ல முடியாது, பொருளைப் பார்த்தும் சொல்ல முடியாது. யாரோ வெளியிலிருந்து கொஞ்சம் ஆற்றலைக் கொண்டுவந்து போட வேண்டும், போட்டது எவ்வளவு என்பதுதான் பிறகு வீச்சாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் வீச்சு மாறுமா என்று எந்தக் கணக்கு கேட்டாலும், சூத்திரத்தை எடுப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும்: ஆற்றலை யார் போட்டார்கள் அல்லது எடுத்தார்கள்? அந்த நேரத்தில் பொருள் எங்கே இருந்தது?

இதைக் காட்டுவதற்கு எங்கள் பக்கத்து வீடுகளில் தொங்கும் ஏணையை, அதாவது புடவைத் தொட்டிலை விட நல்ல கருவியை நான் எந்த ஆய்வகத்திலும் பார்த்ததில்லை. மரத் தொட்டில் வாங்குகிறவர்கள் வாங்கட்டும், இங்கே இன்னமும் பாதி வீட்டில் பழைய வாயில் புடவைதான். முன்பெல்லாம் உத்திரத்தில் நேராகக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். இப்போது நடுவில் ஒரு ஸ்பிரிங் வந்துவிட்டது. வேலூர் லாங் பஜார் பக்கம் இரும்புச் சாமான் கடையில் தொட்டில் ஸ்பிரிங் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், இரண்டு முனையிலும் கொக்கி இருக்கும். மேல் கொக்கி கூரை வளையத்தில், கீழ்க் கொக்கியில் புடவை. குழந்தை பக்கவாட்டில் ஆடுவதற்குப் பதிலாக மேலும் கீழுமாக ஆடும், புத்தகத்தில் செங்குத்துச் சுருள்வில் என்று போட்டிருக்கும் படத்தில் புடவை மட்டும்தான் குறை.

குழந்தையை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம். அரிசியும் ஒரு கிலோ உப்புப் பொட்டலங்களும் போதும்.

வெறும் ஏணையில் ஸ்பிரிங்கைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவே ஒரு தாள்கூட நுழையாத மாதிரி இருக்கும். கம்பியைச் சுற்றும்போதே இழுவிசை வைத்து இறுக்கிச் சுற்றுவதால் வருவது இது. எங்கள் வீட்டு ஸ்பிரிங்கில் முதல் 2 கிலோ வரை சுருள்கள் வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு பொட்டலம் வைக்கும்போதும் ஏணை 2 செ.மீ. இறங்கியது, அடுத்த கிலோவுக்கும் அதே 2 செ.மீ., அதற்கடுத்ததற்கும் அதேதான். ராபர்ட் ஹூக் 1678-ல் அச்சிட்டு வெளியிட்ட விதி, உப்புப் பொட்டலத்தோடு சுவர் ஓரமாக நிறுத்தி வைத்த ஸ்கேலில் அப்படியே தெரிகிறது. ஒரு கிலோவின் எடை 9.8 நியூட்டன், அதை 0.02 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 490 நியூட்டன். அதுதான் கே.

புடவையோடு சேர்த்து 8 கிலோ வைத்துக்கொள்வோம். சுருள்கள் இப்போது மொத்தம் 12 செ.மீ. விரிந்திருக்கும், அந்த எண் பின்னால் தேவைப்படும். அலைவு நேரம் 2 பை பெருக்கல் எம் வகுத்தல் கேயின் வர்க்கமூலம், அதாவது 0.80 வினாடி. கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் போட்டுப் பத்து ஆட்டம் எண்ணினால் 8 வினாடிக்குக் கொஞ்சம் மேலே வரும். ஸ்பிரிங்கும் சேர்ந்து ஆடுகிறதே, அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டும், அதனால் வரும் வித்தியாசம் அது.

இப்போது 5 செ.மீ. கீழே இழுத்து விடுங்கள். அப்புறம் 10 செ.மீ. இழுத்து விடுங்கள். பத்து ஆட்டத்துக்கு இரண்டு தடவையும் அதே நேரம்தான் ஆகும். பிள்ளைகளுக்கு இதைப் பார்த்ததும் நம்பிக்கை வராது, தங்கள் கைப்பேசியில் மறுபடி அளப்பார்கள், அளக்கட்டும். இரட்டிப்புத் தூரம் போக வேண்டும், ஆனால் வழியில் ஒவ்வொரு இடத்திலும் வேகமும் சரியாக இரட்டிப்பாக இருக்கிறது. 5 செ.மீ. வீச்சில் நடுவைக் கடக்கும்போது வினாடிக்கு 39 செ.மீ., 10 செ.மீ. வீச்சில் 78 செ.மீ. தூரமும் இரண்டு மடங்கு, வேகமும் இரண்டு மடங்கு, நேரத்துக்கு மாற என்ன காரணம் இருக்கிறது?

ஆற்றல் மட்டும் இரண்டு மடங்கோடு நிற்காது. ஏன் வர்க்கம் என்று பலர் கேட்பதே இல்லை, அரை கே ஏ வர்க்கம் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிடுகிறார்கள். கையால் இழுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். 5 செ.மீ. இழுக்க, கை பூஜ்யத்தில் ஆரம்பித்து 24.5 நியூட்டனில் முடிக்கிறது. சராசரி 12.25 நியூட்டன், தூரம் 0.05 மீட்டர், பெருக்கினால் 0.61 ஜூல். 10 செ.மீ. இழுக்கும்போது கடைசி விசை 49, சராசரி 24.5, தூரமும் இரட்டிப்பு, ஆக 2.45 ஜூல். விசையும் இரட்டிப்பாகி தூரமும் இரட்டிப்பாவதால் நான்கு மடங்கு. 2.45 ஜூல் என்பது ஒரு கிலோ உப்பைக் கால் மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிற வேலை. 0.61 ஜூலில் அதே பொட்டலத்தை ஆறேகால் சென்டிமீட்டர்தான் தூக்க முடியும்.

இந்த இடத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வரும், வந்தே ஆக வேண்டும். ஏணை மேலும் கீழும் போகிறது, அப்போது புவியீர்ப்பு நிலை ஆற்றல் எம் ஜி எச் எங்கே போயிற்று? மொத்த ஆற்றலில் அதைச் சேர்க்காமல் அரை கே ஏ வர்க்கம் என்று எப்படி முடித்துக்கொள்ளலாம்? பல வகுப்புகளில் இதற்கு "அதைக் கண்டுக்காதீங்க" என்று பதில் வரும். கண்டுகொள்ளத்தான் வேண்டும், ரொம்ப அழகான இடம் இது. சமநிலையிலிருந்து, அதாவது ஏணை ஆடாமல் தொங்கும் இடத்திலிருந்து, 10 செ.மீ. கீழே இறங்கும்போது 8 கிலோ இழக்கிற புவியீர்ப்பு ஆற்றல் 7.84 ஜூல். அதே நேரத்தில் ஸ்பிரிங் கூடுதலாகச் சேமிக்கிற ஆற்றல் 10.29 ஜூல். கழித்துப் பாருங்கள், 2.45. மேலே 10 செ.மீ. போகும்போது புவியீர்ப்பு ஆற்றல் 7.84 ஜூல் கூடுகிறது, ஸ்பிரிங் சுருங்கி 5.39 ஜூலை விட்டுக்கொடுக்கிறது. கழித்தால் திரும்பவும் அதே 2.45! சமநிலையில் ஸ்பிரிங்கின் இழுப்பும் எடையும் சமம் என்பதால், இரண்டிலும் தூரத்தோடு நேராக வளரும் பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன, மிச்சம் நிற்பது அரை கே பெருக்கல் இடப்பெயர்ச்சியின் வர்க்கம் மட்டும். சமநிலைப் புள்ளியிலிருந்து அளக்கும் வரை புவியீர்ப்பு அந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இதைக் கரும்பலகையில் இயற்கணிதமாகப் போடுவதற்கு முன்னால் எண்களாகப் போட்டால் பிள்ளைகள் முகமே மாறும்.

ஆற்றல் பங்கீட்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீச்சில் பாதித் தூரத்தில் நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும் பாதிப் பாதி என்று நிறையப் பேர் எழுதுவார்கள். 10 செ.மீ. வீச்சில் ஆடும்போது 5 செ.மீ.யில் நிலை ஆற்றல் கால் பங்குதான், முக்கால் பங்கு இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது, வேகம் உச்ச வேகத்தில் சுமார் 87 சதவீதம் இருக்கிறது. இரண்டும் சமமாவது 7.07 செ.மீ.யில், வீச்சை ரூட் 2-ஆல் வகுத்த இடத்தில். அதற்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ.க்கும் குறைவான வழிதான் மிச்சம், ஆனால் ஏணை தன் நேரத்தில் சரிபாதியை அந்தக் குட்டி ஓரங்களில்தான் கழிக்கிறது, நடுவில் விர்ரென்று போய்விடுகிறது. அதனால் நேரத்தை வைத்துச் சராசரி எடுத்தால் இயக்க ஆற்றலுக்கும் நிலை ஆற்றலுக்கும் ஆளுக்கு 1.225 ஜூல் சமமாக வந்துவிடும்.

சரி, எடையைக் கூட்டுகிற கேள்விக்கு வருவோம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

8 கிலோவோடு ஏணை 10 செ.மீ. வீச்சில் ஆடிக்கொண்டிருக்கிறது. கையில் ஒரு கிலோ உப்பு இருக்கிறது, அதை ஏணைக்குள் போடப் போகிறீர்கள். வீச்சு என்ன ஆகும்? எங்கே போடுகிறீர்கள் என்று சொல்லாமல் இதற்குப் பதிலே கிடையாது.

ஏணை அடியில் வந்து ஒரு கணம் நிற்கிற நேரத்தில், தள்ளாமல் மெதுவாக வைத்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கூடியதால் சமநிலைப் புள்ளி 2 செ.மீ. கீழே இறங்கிவிட்டது. ஏணை நின்ற இடமோ அதே இடம். பழைய சமநிலையிலிருந்து 10 செ.மீ. கீழே இருந்தது, புதிய சமநிலையிலிருந்து பார்த்தால் 8 செ.மீ.தான். ஆக வீச்சு 8 ஆகக் குறைந்தது, ஆற்றல் 1.57 ஜூல்.

அதே பொட்டலத்தை உச்சியில் ஏணை நிற்கும்போது வைத்தால்? புதிய சமநிலை 2 செ.மீ. கீழே போனதால் உச்சி இப்போது அதிலிருந்து 12 செ.மீ. மேலே இருக்கிறது. வீச்சு 12! ஆற்றல் 3.53 ஜூல். கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பொட்டலத்தை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்த உங்கள் கையிலிருந்து வந்தது. அடியில் வைத்தபோது கை அவ்வளவு தூக்கவில்லை.

நடுவில் ஏணை முழு வேகத்தில் கடக்கும்போது நேராக உள்ளே வைத்தால் இன்னொரு கதை. உப்புக்கு வேகம் இல்லை, ஏணைக்கு வினாடிக்கு 78 செ.மீ. வேகம். இரண்டும் சேர்ந்து போக வேண்டும் என்றால் உந்தம், அதாவது நிறை பெருக்கல் வேகம், மாறாது, வேகம் ஒன்பதில் எட்டு பங்காகக் குறையும். அந்த மோதலில் 0.27 ஜூல் வெப்பமாகப் போய்விடுகிறது, புடவைக்கும் அரிசிக்கும் நடுவே எங்கேயோ. சமநிலையும் 2 செ.மீ. நகர்ந்துவிட்டது. எல்லாம் சேர்த்துப் போட்டால் வீச்சு 9.6 செ.மீ. வருகிறது.

அதே ஸ்பிரிங், அதே பொட்டலம், அதே 9 கிலோ. வீச்சு 8, 12, 9.6 என்று மூன்று. அலைவு நேரம் மட்டும் மூன்றிலும் 0.85 வினாடி, ஒரு இழை பிசகாது. வீச்சு யாருடைய சொத்து என்று நான் ஆரம்பத்தில் சொன்னதைப் பிள்ளைகள் இங்கேதான் நம்புகிறார்கள்.

கிடைமட்டமான தளத்தில், உராய்வில்லாத மேசையில் வைத்து இதே கணக்கைக் கேட்டால் இன்னும் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் அங்கே எடை கூடினாலும் சமநிலைப் புள்ளி நகராது. ஓரத்தில் நிற்கும்போது வைத்தால் வீச்சும் மாறாது, ஆற்றலும் மாறாது, மெதுவாக ஆடும், அவ்வளவுதான். நடுவில் வைத்தால் மோதல் இழப்பு உண்டு, பழைய நிறையைப் புதிய நிறையால் வகுத்து அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் எத்தனை வருமோ அந்த அளவுக்கு வீச்சு குறையும். சம நிறையை வைத்தால் ஆற்றல் பாதி, வீச்சு 0.707 பங்கு. 2011 ஏ.ஐ.இ.இ.இ. பொறியியல் நுழைவுத் தேர்வில் இந்தக் கணக்கு வந்தது, நீட் பயிற்சித் தாள்களில் இன்னமும் சுற்றிச் சுற்றி வருகிறது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் ஓரத்தில் வைக்கும் கேள்விக்கும் அதே வர்க்கமூலத்தைப் போட்டு மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆறாத வருத்தம்.

இப்போது அந்த இரண்டு சூத்திரச் சண்டையைத் தீர்க்கலாம். அரை எம் ஒமேகா வர்க்கம் ஏ வர்க்கம் என்பதில் எம்-ஐ இரண்டு மடங்காக்கினால், ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்காக இருக்கும் வரை ஒமேகா வர்க்கம் தானாகப் பாதியாகிவிடும், ஏனென்றால் ஒமேகா வர்க்கம் என்பதே கே வகுத்தல் எம். இரண்டும் பெருகி மறுபடி கே வந்து நிற்கும். அப்படியானால் இரண்டாவது வடிவம் எதற்கு? அதிர்வெண்ணை வேறு யாரோ பிடித்து வைத்திருக்கும் இடங்களுக்கு. ஒரே வேகத்தில் சுற்றும் மோட்டார் ஒரு பலகையை உலுக்குகிறது என்றால் ஒமேகா மோட்டார் கொடுத்தது, அங்கே நிறை கூடினால் அதே வீச்சுக்கு ஆற்றல் கூடத்தான் செய்யும். ஒலி அலையில் காற்றுத் துகள்கள் ஆடுவதும் அப்படித்தான், அதிர்வெண் ஒலி எழுப்பியவருடையது. எந்தச் சூத்திரம் என்று கேட்பதை விட, எது மாறாமல் நிற்கிறது என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

அதிர்வெண்ணும் கணக்கில் உண்டு என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் நிலநடுக்கம் பதிவானது, பேரணாம்பட்டு பக்கத்தில் அந்த மழைக்காலம் முழுக்க இதே பேச்சுதான். 3.6 என்பது 4.6 ஆனால் என்ன என்று அப்போது டியூஷனில் கேட்டார்கள். அளவு ஒன்று கூடினால் கருவியில் பதியும் வீச்சு 10 மடங்கு. வர்க்கக் கணக்கின்படி ஆற்றல் 100 மடங்கு ஆகியிருக்க வேண்டும் அல்லவா? நிலநடுக்கவியல்காரர்கள் சொல்வது சுமார் 32 மடங்கு. வர்க்க விதி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த அளவுகோல் பார்ப்பது ஒரு அலையின் உச்ச வீச்சை, நிலத்திலிருந்து வெளியேறும் ஆற்றலிலோ எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு கலந்திருக்கிறது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதெல்லாம் சேர்ந்திருக்கிறது. ஒரே ஸ்பிரிங், ஒரே அதிர்வெண் என்றால்தான் வீச்சை மட்டும் வர்க்கப்படுத்தி முடித்துக்கொள்ள முடியும்.

ஏணைக்குத் திரும்புவோம், ஏனென்றால் உண்மையான ஏணை நிற்கும். காற்று, கொக்கி உரசல், புடவை மடிப்பு எல்லாம் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. வீச்சு 10-லிருந்து 9-க்கு வந்தால் பத்து சதவீதம்தானே போயிற்று என்று தோன்றும், ஆற்றலில் 19 சதவீதம் போயிருக்கும். 5-க்கு வந்துவிட்டால் முக்கால் பங்கு காலி. கண்ணுக்கு இன்னும் பாதி ஆட்டம் இருக்கிற மாதிரி தெரிகிறபோதே உள்ளே கால் பங்குதான் மிச்சம்.

எங்கள் ஆயா ஏணை ஆட்டுவதைப் பார்த்துத்தான் இதன் மறுபாதி எனக்கு விளங்கியது. இழுக்கவே மாட்டார், ஏணை மேலேயிருந்து இறங்க ஆரம்பிக்கிற சமயம் பார்த்து இரண்டு விரலால் லேசாக ஒரு அழுத்து, அவ்வளவுதான், கண் வேறெங்கேயோ இருக்கும், வாய் பேச்சில் இருக்கும். வேறு யாராவது வேகமாக இழுத்தால், "அவ்ளோ இழுக்காதே, தொட்டுவுட்டா போதும், அதுவா ஆடும்" என்பார். கணக்கு போட்டுப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். ஒரு ஆட்டத்துக்கு வீச்சு 5 சதவீதம் குறைகிறது என்று வைத்தால், 10 செ.மீ. வீச்சில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இழப்பு சுமார் 0.24 ஜூல். அதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் ஆட்டம் அப்படியே நிற்காமல் போகும். 5 செ.மீ. வீச்சில் அது 0.06 ஜூல்தான். வீச்சைப் பாதியாக்கினால் கையின் வேலை கால் பங்கு, குழந்தைக்குத் தாளமும் மாறப்போவதில்லை, ஒரு நிமிஷத்துக்கு அதே 75 ஆட்டம்தான். வேகமாக ஆட்டினால் சீக்கிரம் தூங்கும் என்று பலமாக இழுக்கிறவர்கள் தாளத்தைக் கூட்டவில்லை, வீச்சைத்தான் கூட்டுகிறார்கள், அதற்கு நான்கு மடங்கு விலை கொடுக்கிறார்கள். நேரம் தப்பி, ஏணை மேலே ஏறும்போது அழுத்தினால் கொடுப்பதற்குப் பதில் எடுத்துவிடுவோம், ஆட்டம் தடுமாறி நிற்கும்.

தாளம் மாறாமல் வீச்சு மட்டும் அடங்குவதைக் காதால் கேட்க வேண்டும் என்றால் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மணியடித்து முடிந்ததும் ஓரமாக நின்று கேளுங்கள். மணியில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும், கீச்சென்றவை முதலில் அடங்கிவிடும், மிச்சம் நிற்கிற அந்த நீண்ட ரீங்காரம் மெலிந்துகொண்டே போகும், ஆனால் சுருதி இறங்காது. 20 டெசிபல் குறைந்த இடத்தில் வீச்சு பத்தில் ஒன்று, ஆற்றல் நூறில் ஒன்று.

இவ்வளவும் ஹூக் விதி செல்லுபடியாகும் எல்லைக்குள்தான். முன்னே 12 செ.மீ. என்று சொன்னேன் அல்லவா, 8 கிலோவோடு ஏணையை அதற்கு மேல் வீசினால் உச்சியில் சுருள்கள் ஒட்டிக்கொண்டு டக்கென்று ஒரு உதை விழும், அங்கே தனிச்சீரிசை இயக்கம் முடிந்தது. கூடத்து ஊஞ்சலிலும் இதே மாதிரி ஒரு எல்லை உண்டு. ஊசலின் நேரம் வீச்சைப் பொறுத்ததில்லை என்பதை கலிலியோ 1602-லேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார், டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1656-ல் அதை வைத்துக் கடிகாரமே செய்துவிட்டார், ஆனால் அது சின்னக் கோணங்களுக்குத்தான் பொருந்தும். 30 டிகிரி வீச்சில் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடும், 60 டிகிரியில் 7 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். வீச்சு பெரிதாகும்போது, நடுவுக்குத் திரும்ப இழுக்கும் மீள்விசை இடப்பெயர்ச்சிக்குச் சமமாக வளராமல் பின்தங்குகிறது, அதனால் ஊஞ்சல் தாமதிக்கிறது. ஹைகன்ஸுக்கே இது தெரியும், தொங்கும் கயிற்றின் பாதையை வளைக்க அவர் பட்ட பாடெல்லாம் அதற்காகத்தான்.

வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு: மேல் வளையம் தாங்குமா என்று பெரியவர்கள் ஒருவரைத் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்பிரிங்குக்கு இணையாக ஒரு தளர்ந்த கயிற்றையும் கட்டிவிடுங்கள், கொக்கி நழுவினால் அது பிடிக்கும். கைப்பேசியில் ஸ்லோ மோஷன் வைத்து, பின்னால் சுவரில் ஸ்கேலை ஒட்டிப் படம் எடுத்தால் வீச்சு 8 ஆனதா 12 ஆனதா என்று நிதானமாகப் பார்க்கலாம். உப்பை வைக்கும் நேரம்தான் கஷ்டம், அதற்கு ஒருவர் கவனமாக இருக்க வேண்டும்.

வைப்பதை விட எடுப்பது சுலபம். அதனால் என் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுப்பது இதைத்தான்: 8 கிலோ, 10 செ.மீ. வீச்சு, அதிலிருந்து ஒரு கிலோவை அடியில் எடுத்தால், உச்சியில் எடுத்தால், நடுவில் எடுத்தால் வீச்சு என்ன? முதல் இரண்டும் மேலே சொன்னதைத் திருப்பிப் போட்டால் கணக்கில் கிடைத்துவிடும், ஆனால் முதலாவதில் வரும் 12 செ.மீ., 7 கிலோவுக்குச் சுருள்கள் விரிந்திருக்கும் 10 செ.மீ.யைத் தாண்டுவதால் உண்மையான ஏணையில் உச்சியில் அந்த உதை விழும். மூன்றாவதில் மோதல் கிடையாது, எடுத்த பொட்டலம் அதே வேகத்தில் தன் பங்கு ஆற்றலைத் தன்னோடு கொண்டுபோய்விடும், மிச்சமிருக்கும் 7 கிலோவின் வேகம் அந்தக் கணத்தில் மாறாது. சமநிலை 2 செ.மீ. மேலே ஏறியதை மறக்காமல் போட்டால் 9.57 செ.மீ. வர வேண்டும்.